பூச்சிய வழு

நான் டென்மார்க்குக்கு வர அனுமதி கிடைப்பதற்கு எழுநூற்று அறுபத்தாறு நாள்கள் ஆயின. என் கணவர் ஒரு துவக்கு வைத்திருக்க அனுமதி கிடைப்பதற்கு மூன்று கிழமை போதும் என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள்.

"பாரும்," என்றார் குருசுமுத்து, வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டு. "துவக்காப் பிறந்திருந்தால் நீர் எண்பத்தேழு மார்கழியில, நத்தாருக்கே வந்து சேர்ந்திருப்பீர்."

நான் சிரித்தேன். அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

கையில் இருந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது. என்ன அளவுத் துவக்கு என்று அதில் எழுத வேண்டும். அந்த அளவை நான்தான் சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள். வீட்டிலேயே ஒரு விஞ்ஞானப் பட்டதாரி இருக்கும்போது கடைக்காரனிடம் எதற்குப் போய்க் கேட்பது என்பது அவருடைய வாதம்.

"எனக்குத் துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாது," என்றேன்.

"பாரம் தெரியும். வேகம் தெரியும். வேற என்ன இருக்கு அதில?"

அது 1992 செப்டெம்பர். நாங்கள் ஹோர்சன்ஸில் இருந்தோம். குருசுமுத்து பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று வெட்டுபவர் ஹோல்கர். ஹோல்கரும் இன்னும் ஐந்து பேரும் நகரத்துக்கு மேற்கே ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டையாடினார்கள். அந்த ஆறு பேரில் ஓகெ என்ற முதியவருக்குக் கண் மங்கிவிட்டது. அவருடைய இடத்துக்கு வர விருப்பமா என்று ஹோல்கர் போன வருடம் குருசுமுத்துவைக் கேட்டார்.

கேட்ட விதம்தான் குருசுமுத்துவை உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த நாள்களில் பத்திரிகை முழுக்கத் தமிழர் வழக்கு என்றே இருந்தது. எங்களைப் போன்றவர்களின் குடும்ப விண்ணப்பங்களை எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தது யார், ஏன் என்று நீதிபதி ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையில் ஹோல்கர் பத்திரிகையைத் தாழ்த்தி, "உன் மனைவியும் இதற்குள்ளா?" என்று கேட்டாராம். குருசுமுத்து ஓம் என்று சொல்லி, நாள் எண்ணிக்கையையும் சொன்னாராம். மேசையில் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டார்களாம். அடுத்த கிழமை ஹோல்கர் வேட்டைக்கு அழைத்தார்.

"பாவம் பாத்துக் கூப்பிடுறானோ, ஆள் பாத்துக் கூப்பிடுறானோ, அதுதான் விளங்கேல்லை," என்று அவர் என்னிடம் பல தடவை சொன்னார். "கார்த்திகையில நான் ஒழுங்கா ஒரு வெடி வைச்சால் பிறகு அந்தக் கேள்வி இருக்காது."

அதற்காக அவர் ஒரு குளிர்காலம் முழுவதும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வேட்டைப் புத்தகம் படித்தார். பரீட்சையில் முதல் தடவை ஒரு வாத்தை இன்னொரு வாத்து என்று சொல்லித் தவறினார். இரண்டாம் தடவை சித்தியடைந்தார். சுடும் பரீட்சையிலும் குறை வரவில்லை. இனி அந்தக் கட்டம் மட்டும்தான்.

அதிலும் பெரிய யோசனைக்கு இடம் இருக்கவில்லை. ஓகெயின் துவக்கு ஹோல்கரின் இரும்பு அலுமாரியில் காத்திருந்தது. அது முந்நூற்றெட்டு. குழுவில் எல்லோரிடமும் அதே அளவுதான். ஒருவரிடம் சுட ரவை முடிந்தால் மற்றவரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஓகெ அதற்குக் காசு கேட்கவில்லை. தன் இடத்துக்கு வருபவன் எடுக்கட்டும் என்று சொல்லியிருந்தார். ஞாயிறு மூன்று மணிக்குக் கோப்பி குடிக்க வரும்படி ஹோல்கர் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். அப்போது ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். இல்லை என்றால் திங்கட்கிழமை அது கடைக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் சாப்பாட்டு மேசையில் கடையில் தந்த விலைப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். சிறீஸ்கந்தராசா அண்ணை வந்தார். அவர் எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு வெள்ளி, நான் சைவம். மச்சம் கதைக்கிறதே இல்லை," என்றார். "ஆனா மான் விழுந்தால் ஒரு தொடை எனக்கு."

"முதல்ல துவக்கு வரட்டும் அண்ணை," என்றார் குருசுமுத்து. "விக்ரோரியா கணக்குப் பாக்கிறா."

"என்ன கணக்கு? எது பெரிசு எண்டு பாத்தால் சரிதானே. இருநூற்றி இருபத்திரெண்டு, இருநூற்றி நாப்பத்திமூண்டு, முந்நூற்றெட்டு…" அவருடைய விரல் பக்கத்தில் இறங்கி நின்றது. "இதென்ன, ஆறரை? தாளடிச்சவன் பிழை விட்டிட்டானோ?"

"இல்லை அண்ணை, அதுவும் ஒரு அளவு," என்றேன்.

"முந்நூற்றெட்டு எங்க, ஆறரை எங்க! குருசு, டேய், ஆறரையோட காட்டுக்குப் போனால் மான் உன்னைப் பாத்துச் சிரிக்கும்."

"அது மில்லிமீற்றர். மற்றது அங்குலம்."

"அங்குலமோ? முந்நூற்றெட்டு அங்குலமோ?" அவர் கைகளை விரித்துக் காட்டினார். "அது துவக்கில்லைப் பிள்ளை. கிணறு."

குருசுமுத்துவுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது. அங்குலத்தில் ஆயிரத்தில் முந்நூற்றெட்டுப் பங்கு என்று நான் விளங்கப்படுத்தினேன். நம்பாதவர்போல அண்ணை என்னைப் பார்த்தார். எழுதிக் காட்டுவதற்காக ஒரு கடதாசியை எடுத்தேன். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். 0.308 ஐ அதனால் பெருக்கினேன்.

7.82.

பேனையை மேசையில் வைத்துவிட்டேன்.

அந்த எண் எனக்குத் தெரியும். 1988 இல் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், சுவர் ஒன்றிலிருந்து கிண்டி எடுத்திருந்த ஒரு ரவையை வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன். நுனி நசுங்கியிருந்தது; பின்பக்கம் வட்டம் கெடவில்லை. அது ஏழு தசம் ஆறு இரண்டு என்று யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு 7.82 வந்தது. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதுதான். கருவியில் பூச்சிய வழு இருக்கிறது, அது பூச்சியத்திலேயே இல்லாமல் தசம் இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது என்று முடிவு செய்தேன். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர் தாடைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வழு ஒன்றும் இல்லை என்றார். நான் நம்பவில்லை. இடது கையால் அளந்ததும் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

விலைப்புத்தகத்தின் அடிக்குறிப்பு இப்போது எல்லாவற்றையும் சொன்னது. 7.62 என்பது குழாயின் துளை. ரவை அதைவிடக் கொஞ்சம் தடிப்பு, குழாயின் தவாளிப்புகளில் இறுகிச் சுழல்வதற்காக. இராணுவக்காரர் துளையால் பெயர் வைத்தார்கள். வேட்டைக்காரர் ரவையால் பெயர் வைத்தார்கள். பொருள் ஒன்று. வேணியர் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த ரவை என்னிடம் எப்படி வந்தது என்பது குருசுமுத்துவுக்குத் தெரியாது. ரவை ஒன்றை அளந்தேன் என்பதும் தெரியாது.

"என்ன, கணக்குப் பிழைச்சிட்டுதோ?" என்று கேட்டார் சிறீஸ்கந்தராசா அண்ணை.

"இல்லை அண்ணை. சரி." நான் கடதாசியை மடித்தேன். "ஆறரைதான் நல்லது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காரணம் சொன்னேன். ரவையின் திணிவு, வேகம், நூறு மீற்றரில் மிஞ்சும் சக்தி. சின்ன மானுக்கு இருநூற்றிருபத்திரண்டு போதும். ஆனால் அந்தக் காட்டில் புள்ளியுள்ள பெரிய மான்களும் இருப்பதால் அது சட்டப்படி சரிவராது. ஆறரை சரிவரும். முந்நூற்றெட்டும் சரிவரும். ஆனால் முந்நூற்றெட்டின் உந்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அது அவ்வளவும் தோளில் வந்து இடிக்கும். குருசுமுத்துவுக்கு வலது தோள் ஏற்கெனவே பழுது. நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிற தோள்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"தோளை ஞாபகப்படுத்தாதையும்," என்று அவர் எழுந்து அலுமாரி லாச்சியைத் திறந்தார். "இப்பவே குத்துது."

லாச்சியில் ஒரு காய்ச்சல் குளிசைப் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் சிறீஸ்கந்தராசா அண்ணைக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இதைப் பத்திரமா வைச்சிரு. டென்மார்க்கில இருந்து இலங்கைக்குப் போய், திறக்காமலே திரும்பி டென்மார்க்குக்கு வந்த ஒரே குளிசை இதுதான். இதுக்கும் விசா எடுத்தனீங்களோ?"

அந்தப் பெட்டியை அனுப்பியவர் குருசுமுத்து. எங்கள் கலியாணம் 1986 இல் மன்னாரில் நடந்தது. ஒரு மாதம் கழியமுன் அவர் வெளிக்கிட்டார். அடுத்த வருடம் இங்கே அவருக்கு அனுமதி கிடைத்ததும் எனக்காக விண்ணப்பித்தார். நான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் படித்தேன். அங்கிருந்து தொலைபேச முடியாது. என் அண்ணன் கொழும்புக்குப் போகும்போது அங்கேயிருந்து அவருக்கு எடுப்பான். தொலைபேசியில் யாரும் நேராகக் கதைப்பதில்லை. சண்டை என்று சொல்லமாட்டோம். மழை என்போம். யாழ்ப்பாணத்தில் பெரிய மழை என்றால் குருசுமுத்துவுக்கு விளங்கும்.

மன்னாரிலிருந்து படகில் இந்தியாவுக்குப் போக எனக்கு ஒரு வழி வந்தது. என் பெரியம்மா குடும்பம் போனது. குருசுமுத்து அண்ணனிடம் சொன்னார்: "வேண்டாம். அவ யாழ்ப்பாணத்திலேயே நிக்கட்டும். இந்த மாதம் விசா வந்திடும்." இங்கே அலுவலகத்தில் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நான் நின்றேன். அடுத்த தடவை அண்ணன் தொலைபேசியபோது, விக்ரோரியாவுக்குக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை என்றான். இங்கே அவர் மருந்துக்கடைக்குப் போய், இருப்பதில் பெரிய பெட்டியாகக் கேட்டு வாங்கி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். அது எனக்கு வந்து சேர்ந்தபோது நான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தேன்.

அவர் இரண்டு குளிசையைத் தண்ணீரோடு விழுங்கினார். "திகதி முடிஞ்சுது. ஆனா கேக்குது," என்றார்.

சனிக்கிழமை காலை அவர் பாண் சாப்பிட்டபடி வேட்டைப் புத்தகத்தை மறுபடி எடுத்தார். பரீட்சை முடிந்த பிறகும் அவர் அதை விடவில்லை. டெனிஷில் வாசித்து, எனக்காகத் தமிழில் சொல்வார்.

"சுட்ட உடன ஓடிப் போகக்கூடாது. நிண்டு பாக்க வேணும். மான் எப்பிடித் துள்ளுது, எந்தப் பக்கம் போகுது. பிறகு போய் அந்த இடத்தில மயிர் கிடக்கோ, இரத்தம் கிடக்கோ எண்டு பாக்க வேணும்." அவர் பக்கத்தைப் புரட்டினார். "இரத்தம் எண்டும் சொல்லக்கூடாது. வேட்டைக்காரர் அதை வேர்வை எண்டுதான் சொல்லுவினம். ஸ்வெத். மான் வேர்த்திருக்கு எண்டால் காயம் எண்டு அர்த்தம்."

"ஏன் அப்பிடி?"

"ஆருக்குத் தெரியும். காதுக்கு நல்லா இருக்கும் எண்டாக்கும்."

நான் பாணுக்கு மாஜரீன் பூசிக்கொண்டிருந்தேன். நாங்கள் மழை என்றோம். இவர்கள் வேர்வை என்கிறார்கள். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயத்தில் நாங்கள் சொன்னோம். இவர்களுடைய காட்டில் யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்? தங்களுடைய காதுக்காகவே வைத்திருக்கிறார்கள் போலும்.

"இதைப் பாரும்," அவர் படத்தை என் பக்கம் திருப்பினார். மானின் உடல், அதில் ஒரு கோடு. "ரவை போற இடம் சின்னன். இவ்வளவுதான்." சின்ன விரல் நுனியைக் காட்டினார். "வெளிக்கிடுற இடம் பெரிசு. உள்ளுக்க போய் விரியுது. அதால காயத்தைப் பாத்தே எங்கயிருந்து சுட்டது எண்டு சொல்லலாம்."

நான் இடது கையால் வலது சட்டைக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன்.

"குளிருதோ?"

"ஓம்."

அவர் எழுந்து யன்னலைச் சாத்தினார். நான் வந்த முதல் கிழமையே என் கையில் இருந்த தழும்பைப் பற்றிக் கேட்டிருந்தார். முள்ளுக்கம்பி கிழித்தது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டிலும் நான் நீளக்கைச் சட்டைதான் போடுவேன். இந்த நாட்டில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து புத்தகத்தை மூடினார். பிறகு கேட்டார்: "உமக்கு ஏன் முந்நூற்றெட்டில அவ்வளவு கோவம்?"

"கோவம் இல்லை. கணக்கு."

"கணக்கெண்டால் சரி." அவர் பாண் துகள்களைக் கையால் கூட்டி ஓரமாக்கினார். "ஆனா ஓகெ தன்ரை துவக்கைத் தாறன் எண்டு சொல்லேக்க, எனக்கு அது வேண்டாம், வேற வாங்குறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆறு பேரும் ஒண்டு. நான் மட்டும் வேற ரவை. காட்டுக்கை நிண்டும் நான் வேற ஆள்."

"தோளுக்கு…"

"தோள் என்ரை தோள். நான் பாத்துக்கொள்ளுறன்." அவர் குரல் உயரவில்லை. "உம்மட கணக்கை நாளைக்கு ஹோல்கருக்குச் சொல்லுவம். அவன் அதுக்கு என்ன சொல்லுறான் எண்டு பாப்பம். நீர் வேண்டாம் எண்டால் வேண்டாம். நான் எழுதமாட்டன்."

இதை அவர் மனதாரச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடமாக அகராதியோடு இருந்த மனிதர். நான் ஒரு பெருக்கல் கணக்கைக் காட்டி வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். தனக்குள் அதைச் சுமந்துகொண்டு திங்கட்கிழமை ஹோல்கருக்குப் பக்கத்தில் நின்று வெட்டுவார். அவருக்குச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் துவக்கு வராது. அது எனக்குத் தெரியும். ஆனால் அதோடு இன்னொன்றையும் அவர் கேட்டுக்கொள்ள வேண்டி வரும். இந்த மாதம் விசா வந்திடும், நிக்கட்டும் என்று சொன்ன அந்த மாதத்தை அவர் திரும்பிப் போய்ப் பார்ப்பார். இரண்டரை வருடமாக நான் அதைத்தான் தடுத்து வைத்திருந்தேன்.

ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு, மூன்று மணிக்கு ஹோல்கர் வீட்டுக்குப் போனோம். ஹோல்கர் தனியாக இருப்பவர், உயரமானவர், தலை வாசல் நிலையில் இடித்துவிடாமல் இருக்கக் குனிந்தே நடந்து பழகியவர். சமையலறை மேசையில் கோப்பியும், மேலே தேங்காய்ப்பூ போட்ட கேக்கும் வைத்திருந்தார். அதே மேசையில், ஒரு பழைய துவாயின் மேல், ஓகெயின் துவக்கும் இருந்தது. சுடும் பூட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். மரப்பிடியில் ஓகெயின் கன்னம் பட்ட இடம் மட்டும் பளபளத்தது.

ஹோல்கர் மெதுவான டெனிஷில் பேசினார். எனக்குப் பெரும்பாலும் விளங்கியது. விளங்காததைக் குருசுமுத்து தமிழில் சொன்னார்.

"பௌதிகவியலாளர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஹோல்கர்.

என் முகம் சூடாகியது. மொழி வகுப்பில் கைதூக்கக்கூட எனக்குக் கூச்சம். தோள் இடிபடுவது, இறைச்சி கெடுவது என்று காரணங்களை வரிசையாக எழுதிக் கொண்டுவந்த கடதாசியை விரித்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஒரு மாணவியின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல அல்ல. தன் துவக்கைப் பற்றி யாரோ எழுதிய நல்ல செய்தியைப் பார்ப்பதுபோல.

"சரி. எல்லாம் சரி," என்றார். "தோள் விஷயம் எனக்கும் தெரியும். தினம் பார்க்கிறேனே." துவக்கின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தடித்த கறுப்பு இறப்பர் ஒன்று புதிதாகப் பொருத்தியிருந்தது. "நேற்றுப் போட்டேன்."

குருசுமுத்து அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். எனக்குக் காட்டுவதற்காக இன்னொரு தடவையும் அழுத்தினார்.

"இறைச்சி கெடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாரமான, மெதுவான ரவை பாவித்தால் கெடாது." ஹோல்கர் அதற்கும் ஒரு பெட்டி வைத்திருந்தார். "ஆறரை நல்ல அளவு. யாரும் குறை சொல்லமாட்டார்கள். குருசு அதை வாங்கினால் நான் கோபிக்கமாட்டேன். ஆனால் ஓகெ போன கிழமை என்னிடம் கேட்டார், அந்த வாத்துக்காரன் எப்போது வருகிறான் என்று."

"வாத்துக்காரனோ?" என்றார் குருசுமுத்து.

"எல்லோருக்கும் தெரியும். நீ எந்த வாத்தைப் பிழையாகச் சொன்னாய் என்றுகூட. ஓகெயும் தன் பரீட்சையில் அதே வாத்தில்தான் தவறினார்."

குருசுமுத்து தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு வருடத்துக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பாவம் பார்த்து அழைத்தவர்கள் வாத்தை வைத்துப் பகிடி பண்ணமாட்டார்கள். அவர் மேசைக்கு மேலால் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. காத்திருந்தார்.

கடதாசியில் எனக்கு இனி வரி இல்லை.

ஹோல்கர் பெட்டியிலிருந்து ஒரு ரவையை எடுத்து என் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். பித்தளைக் கோது, நுனியில் செம்பு. நான் செம்புப் பகுதியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தேன். வேணியர் தேவைப்படவில்லை.

நான் பயப்படுகிறேன் என்று ஹோல்கர் நினைத்திருக்க வேண்டும். குரலை இன்னும் மெதுவாக்கினார். "மானுக்காகக் கவலைப்பட வேண்டாம். நல்ல இடத்தில் பட்டால் அது ஒன்றையும் உணராது. சத்தம்கூடக் கேட்காது. விழும், அவ்வளவுதான்."

அது எனக்கு விளங்கியது. இருந்தும் குருசுமுத்து தமிழில் சொன்னார். "மானுக்கு ஒண்டும் தெரியாதாம். நோவே இல்லையாம்."

"தெரியும்," என்றேன்.

"என்ன?"

"தெரியும். முதல்ல ஆரோ பின்னால நிண்டு தள்ளின மாதிரி. திரும்பிப் பாக்கத்தான் தோன்றும், ஆரடா தள்ளினது எண்டு. பிறகு சூடு. நோ கடைசியாத்தான் வரும்."

ஹோல்கர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். குருசுமுத்து என் பக்கமே திரும்பியிருந்தார்.

"இது உம்மட பௌதிகப் புத்தகத்தில இருக்கோ?" என்றார் என்னிடம். சிரிக்க முயன்றது போல இருந்தது.

நான் ரவையை மேசையில் வைத்தேன். வலது சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி முழங்கைக்கு மேலே வரை சுருட்டினேன். கையை மேசையில், துவாயின் ஓரத்தில் வைத்தேன். உள்பக்கம் ஒரு வட்டம், சின்ன விரல் நுனி அளவு. வெளிப்பக்கம் தோல் சுருங்கி மினுங்குகிற ஒரு பெரிய திட்டு. அவர் முதலில் ஒன்றைப் பார்த்தார். என் கையை மெல்லத் திருப்பி மற்றதைப் பார்த்தார். சின்னன், பெரிசு. அவர் அதை நன்றாகப் படித்திருந்தார்.

"முள்ளுக்கம்பி எண்டெல்லோ…" என்றார்.

"முள்ளுக்கம்பி இல்லை," என்றேன். "அண்ணன் ரெலிபோனில காய்ச்சல் எண்டு சொன்னதும் காய்ச்சல் இல்லை. எனக்கு வெடி பட்டது. இந்த அளவு ரவைதான்."